மாடியில் பிறந்த துகள்களும் என் சாம்பிராணியும்

நேற்று மூக்கடைப்பு தாங்காமல் ஒரு குண்டான் வெந்நீரில் நாலு சொட்டு தைலம் விட்டு, தலைக்கு மேலே போர்வையைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்தேன். மூக்கு திறந்ததோ இல்லையோ, நீ வந்துவிட்டாய். "வாசனைன்னு சும்மா நெனைக்காதீங்கக்கா, அதுக்கும் ஒரு ஆயுசு இருக்குது. கொஞ்ச நேரம் காத்தா இருக்கும், அப்புறம் துகளா மாறிடும்" என்று ஒரு காலத்தில் காதைத் தின்பாயே, அதே குரல். போர்வைக்குள்ளேயே உனக்குப் பதில் சொன்னேன்: "செத்தும் எனக்குப் பாடம் எடுக்கிறியாடி?"

சொல்லிவிட்டு அழுதேன். ஆவியில் எது கண்ணீர், எது வேர்வை என்று யாருக்குத் தெரியும். அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் இருந்தேன்.

நமக்குள் என்ன உறவு என்று யாராவது கேட்டால், ஓரகத்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பெங்களூரில் இந்தத் தொம்மலூர் வீட்டுக்கு வந்தவள் நீ. எனக்கு ஆறு வயது இளையவள். நான் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வேன். நீ பெங்களூரிலேயே பிறந்து ஐந்தாவதோடு நின்றவள். மூத்த மருமகள் நான், படித்தவள் நான், விரதம் இருப்பவள் நான். அப்படியிருக்க, கடைக்காரனிலிருந்து கரண்ட் பில் எடுக்க வருகிறவன் வரை உன்னிடம்தான் சிரித்துப் பேசுவார்கள். உனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. நான் பேசினால் எதிராளிக்குச் சிரிப்பு வரும். அதுதான் காரணம் என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே பதினைந்து வருஷம் ஓட்டினேன்.

ரெண்டாயிரம் பிறந்த மறு வருஷம் நம் மொட்டை மாடி அறைக்கு சுமா குடிவந்தாள். ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண், தமிழும் பேசுவாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று சொன்னதும் எதிர்வீட்டு அம்மா முட்டி வலிக்கு மாத்திரை கேட்டுப் படியேறிப் போனது நினைவிருக்கிறதா? "நான் அந்த டாக்டர் இல்லை, காத்துக்கு டாக்டர்" என்று சுமா சொல்ல, "காத்துக்கு என்னடி சீக்கு?" என்று அந்த அம்மா உன்னிடம் வந்து கேட்டாள்.

சுமா கூடவே அரை பீரோ உயரத்துக்கு ஒரு மிஷினும் வந்தது. நாள் முழுக்க உர்ரென்று முனகும். அதிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் வழியாக வெளியே போய், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நம் வீட்டுக்குப் பின்னால் அப்போது ராணுவத்துக்காரர்களின் நிலம். அது நிறையத் தைலமரம். அந்த மரங்களுக்காகவே சுமா இந்த அறையைப் பிடித்தாளாம். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் ஏர்போர்ட் ரோட்டு வண்டிகள். ரெண்டும் காற்றுக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டுமாம்.

முதல் நாளே உன்னை "அக்கா" என்றாள். என்னை "ஆண்ட்டி" என்றாள். ஆறே வயது வித்தியாசம்! அன்றைக்கு நான் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தது மறதியால் இல்லை.

அவள் காலேஜுக்குப் போகிற நேரத்தில் மிஷினுக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும்: வெயிலா, மேகமா, காற்று எந்தப் பக்கம், யாராவது குப்பை கொளுத்துகிறார்களா, என்ன வாசனை வருகிறது. மிஷினுக்குள் இருக்கும் புட்டியில் நீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். எழுதுகிற வேலை என்றதும் நான் சேலையைச் சரி செய்துகொண்டேன். என்னைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். சுமா நோட்டை உன் கையில் கொடுத்தாள்.

"அக்காவுக்கு மூக்கு நல்லா இருக்குது. நேத்து மூணு வீடு தள்ளி பெயிண்ட் அடிச்சதைக் கண்டுபிடிச்சாங்க" என்றாள்.

எட்டாவது படித்த என் எழுத்தைவிட ஐந்தாவது படித்த உன் மூக்கு பெரிதாகிவிட்டது. அந்த மூக்கில் எட்டுக்கல் பேசரி வேறு மின்னியது.

நீ அந்த மிஷினோடு குடித்தனம் நடத்தின அழகைச் சொல்லி மாளாது. தெருவே "மிஷின் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சு. "கண்ணுக்குத் தெரியாத துகளை எப்படிம்மா எண்ணும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார், பெரிய மனுஷனாக. "அந்தப் புட்டித் தண்ணி ஸ்பிரிட்டு மாதிரி மாமா. அதோட ஆவியை ஊட்டி ஊட்டித் துகளைக் கொழுக்க வெக்குது. கொழுத்துட்டா வெளிச்சத்துல தெரியும், எண்ணிடும்." அவர் என்னைப் பார்த்து, "பாரு, என்னமா சொல்றா" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் என்னை அப்படி ஒரு தரம் சொன்னதில்லை அந்த மனுஷன்.

ஒரு நாள் இட்லிக் குண்டான் மூடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். எனக்கு மாவு வார்க்கிற அவசரம்.

"இங்க பாருங்கக்கா. ஆவி எங்க போய் ஒக்காருது? ஏற்கனவே துளி இருக்கற எடத்துலதான் ஒட்டுது. தொடைச்ச எடத்துல புதுத் துளி வர நேரமாவும். காத்துலயும் அப்படித்தானாம். மரம் வுடற வாசனை இருக்குதில்ல, அதை வெயில் சமைச்சிடுது. சமைஞ்சா கனமாயிடும். காத்தா நிக்க முடியாது, ஒக்கார எடம் தேடும். பொகை, தூசின்னு ஏதாவது பெருசு இருந்தா அது மேலயே ஒக்காந்துக்கும். காத்து சுத்தமா இருந்தா, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து தானே புதுசா ஒரு துகளாப் பொறக்கும். வண்டிப் பொகையில இருந்து வர ஏதோ ஆசிட்டும் தொணைக்கு வேணுமாம்."

"பொறந்து?"

"பொறந்தா மட்டும் போதாதுக்கா. வளரணும். சீக்கிரம் வளரலைன்னா பக்கத்துல இருக்கற பெருசு முழுங்கிடும். தப்பிச்சு வளர்ந்ததுன்னா ஒருநாள் மேலே போயி மேகத்துல ஒரு சொட்டுக்கு வெதையாவும்."

நீ மூடியைச் சாய்த்தாய். பெரிய துளி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து, வழியில் இருந்த மூன்று சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு அடுப்பில் சொட்டியது. சுர்ரென்றது.

"யாரைச் சொல்றே?" என்றேன்.

"துளியைச் சொல்றேன்கா" என்றாய். உன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

துகள் பிறந்து வளர்ந்த நாளில் சுமாவின் கம்ப்யூட்டரில் கலர் கலராக ஒரு படம் வரும். காலை ஒன்பது மணிக்குக் கீழே மெலிசாகத் தொடங்கி, மத்தியானத்துக்குள் மேலே வளைந்து போகும். வாழைப்பழம் மாதிரியே இருக்கும். "இன்னிக்கு வாழைப்பழம் வந்துச்சு!" என்று நீ படியில் இறங்கி ஓடிவருவாய். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஏலக்கி வாழைப்பழம் கொடுப்பாய். நானும் வாங்கித் தின்றேன். தோலை மட்டும் உன் கண்ணெதிரே வீசினேன்.

அப்புறம் அந்தச் சாம்பிராணிப் பஞ்சாயத்து. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகி, தூபக்கல்லில் கொட்டாங்கச்சி நெருப்புப் போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டி, மாடியில் துளசிக்கும் காட்டிவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் குடிப்பேன். நீ வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாய்.

"அக்கா, சாம்பிராணியை மட்டும் சாயங்காலமாப் போட்டுக்கலாமா? காலையில பொகை வந்தா புதுசு எதுவும் பொறக்காதுக்கா."

"சாமிக்கே டைம் டேபிள் போடறியா நீ?"

"சாமிக்குச் சாயங்காலமும் மூக்கு இருக்குமேக்கா."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் முரண்டு பிடிக்க முடியாமல் சரி என்றேன். மூன்று மாதம் அம்மனுக்குச் சாயங்காலமாகத்தான் காட்டினேன். உள்ளுக்குள் புகைந்தது காலையிலிருந்தே புகைந்தது.

கார்த்திகை முடிகிற சமயம் சுமா ஒரு சேதி சொன்னாள். மிஷினை எடுத்துக்கொண்டு பத்து நாள் மலைக்குப் போகப் போகிறார்கள். சுத்தமான காற்று, காடு. அங்கே துகள் பிறப்பதைப் பார்க்க வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும். உன்னை அழைத்துப் போக அவளுக்கு ஆசை. அவளுடைய காலேஜ் சார் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து, மிஷினையும் நோட்டையும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நீ அந்த வாரம் முழுக்க நடக்கவே இல்லை, மிதந்தாய். பிறந்த வீடு ஈஜிபுராவில், புகுந்த வீடு தொம்மலூரில். நடுவில் ரெண்டு பஸ் ஸ்டாப். பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததைத் தவிர நீ எங்கே போனாய்? கொழுந்தனிடம் ஸ்வெட்டர் கேட்டாய். அவரும் வாங்கி வந்தார், ஊதா நிறத்தில். அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து, "எப்படிக்கா இருக்குது?" என்று சுற்றிக் காட்டினாய். எனக்கு மூன்று பிள்ளைகள். உனக்கு ஒரு ஸ்வெட்டர். அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி எழுதப் போவதை நான் யாருக்கும் எழுதினதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி. சுமா சாரை அழைத்து வரப் போயிருந்தாள். நீ கீழே அவருக்காக கேசரிபாத் கிளறிக்கொண்டிருந்தாய். திராட்சையை எண்ணிப் போடாமல் அள்ளிப் போட்டாய். நான் தூபக்கல்லில் நெருப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். துளசிக்கு மூன்று சுற்றுக் காட்டினேன். அதோடு இறங்கியிருந்தால் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். தூபக்கல்லைக் குழாயின் வாய்க்கு நேர் கீழே வைத்தேன். ஒரு பிடி சாம்பிராணி போட்டேன். இன்னொரு பிடி போட்டேன். புகை சரசரவென்று அந்த வாய்க்குள் போனது. நான் கைகூப்பிக்கொண்டு நின்று வேண்டினேன்: "தாயே, இன்னிக்கு ஒரு நாள் இவளுக்கு வாழைப்பழம் வரக் கூடாது."

எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி, எத்தனை மண்டலம் விரதம் இருந்திருக்கிறேன். என் வேண்டுதலில் உடனே பலித்தது இது ஒன்றுதான்.

நெருப்பு அடங்கியதும் தூபக்கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன். பத்து மணிக்கு சார் வந்தார். ஒல்லியாக, சாந்தமாக இருந்தார். கம்ப்யூட்டரைத் திறந்த சுமாவின் முகம் வெளுத்தது. கீழே மெலிசாகத் தொடங்கியிருந்த கோடு ஒன்பதரையோடு அறுந்து, அதற்கு மேலே சிவப்பாக ஒரு சுவர் நின்றது.

"ஹொகெ யாரு ஹாக்கித்து?" புகை போட்டது யார் என்று சார் கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நீ கேசரிபாத் தட்டோடு அப்போதுதான் படியேறி வந்தாய். என் கையைப் பார்த்தாய். விரலெல்லாம் சாம்பல். நான் முந்தானையில் துடைத்தேன். துடைப்பதையும் நீ பார்த்தாய்.

"நானே சார்" என்றாய். "ஷுக்ரவார அல்வா, மரெத்பிட்டே." வெள்ளிக்கிழமை இல்லையா, மறந்துவிட்டேன் என்று.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாள் பூரா ஓயாத வாய் இது.

சார் கேசரிபாத்தை ருசித்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அப்புறம், மலையில் ஒரு நாள் தவறினாலும் திரும்பக் கிடைக்காது, காலேஜ் ஆளையே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சுமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நீ தட்டுகளைக் கழுவினாய்.

சாயங்காலம் நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன், சாமி பேரைச் சொல்லித்தான். நீ வந்தாய். "அக்கா, தூபக்கல்லு தொட்டிக்குப் பின்னாடி இருந்துச்சு. யாராவது மிதிச்சா ஒடையும்னு உள்ளே கொண்டாந்து வெச்சிட்டேன்" என்றாய். அவ்வளவுதான். அம்மன் படத்துக்குக் கீழே பார்த்தேன். கழுவித் துடைத்து வைத்திருந்தாய்.

மறுநாள் ஸ்வெட்டரைக் கொழுந்தன் கடையில் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். நீ வேண்டாம் என்றாய். மடித்துப் பெட்டிக்குள் வைத்தாய்.

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். நீ தோற்றாய், நான் ஜெயித்தேன். ஆனால் அன்றிலிருந்துதான் அது கொழுத்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாயே, அந்தப் பெரிய மனசு எனக்கு வராதே என்று அதன்மேல் பொறாமை. நல்லவள் என்ற பேரும் உனக்கே போய்விட்டதே என்று பொறாமை.

ரெண்டு வருஷம் கழித்து, உனக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏண்டி அன்னிக்கு நீ போட்டதாச் சொன்னே? எனக்காகவா?"

நீ சிரித்தாய். வீங்கின முகத்திலும் அந்தப் பேசரி மின்னியது. "உங்களுக்காக ஒண்ணும் இல்லக்கா. உங்களைச் சொல்லியிருந்தா மாமாவுக்குக் கோவம் வரும். வீட்டுக்குள்ள சண்டைன்னா மொதல்ல மிஷினைத்தான் காலி பண்ணச் சொல்லுவாரு. சுமா பாவம், பாதியில எங்க போவா? என்னைச் சொன்னா நான் மட்டும்தானே மலைக்குப் போவ மாட்டேன்."

ஆக, அதிலும் நான் இல்லை. உன் மனசில் அந்த நேரத்தில் மிஷின் இருந்தது, துகள் இருந்தது, சுமா இருந்தாள். என்னை மன்னிக்கக்கூட நீ நேரம் ஒதுக்கவில்லை. கோபித்துக்கொண்டு ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நர்ஸ் உன் பேரைக் கூப்பிட்டபோது நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

போன ஆடியில் நீ போய்விட்டாய். பின்னால் இருந்த மரங்களும் அதற்கு முன்பே போய், அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு சுமா வந்தாள். இப்போது மைசூரில் வாத்தியாராக இருக்கிறாள், காதோரம் நரை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அன்னிக்குச் சாம்பிராணி போட்டது நான். அவ இல்ல."

அவள் துளசிப் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏன் ஆண்ட்டி?"

"வயித்தெரிச்சல். வேற என்ன?"

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் சொன்னது வேறு. "அந்த நாளை நான் வீசலை ஆண்ட்டி. முந்தின நாளும் அடுத்த நாளும் அதே வெயில், அதே காத்து, ரெண்டு நாளும் புதுசு பொறந்துச்சு. நடுவுல ஒரு நாள் மட்டும் பொகை. அன்னிக்கு ஒண்ணும் நிக்கலை. பெருசு இருந்தா சின்னது பொழைக்காதுன்னு காட்ட எனக்கு அதைவிட நல்ல நாள் கெடைக்கலை. அக்கா நோட்டுல டைம் போட்டு எழுதியிருந்தாங்க. ஒன்பதரை, சாம்பிராணி, துளசிப் பக்கம்னு. இப்பத்தான் புரியுது, கீழே சமையல் ரூமுக்கு வாசனை வந்த உடனே கடிகாரத்தைப் பார்த்திருக்காங்க. அது இருந்ததாலதான் உபயோகமாச்சு. என் புஸ்தகத்துல அதுக்கு முழுசா ரெண்டு பக்கம். அக்காவுக்கு நன்றின்னு பேர் போட்டிருக்கேன்."

கேட்டாயா? என் பாவம்கூட அச்சில் ஏறியிருக்கிறது. அதுவும் உன் பேரில்.

"இப்ப அதையே திரும்ப ஒரு கட்டுரையா எழுதறேன். அதுல உங்க பேரை மாத்திப் போடட்டுமா ஆண்ட்டி?" என்று சுமா கேட்டாள். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? என் பேரை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தரம் மனசுக்குள் எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன்.

"வேணாம். அவ பேரே இருக்கட்டும்" என்றேன். சுமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ரொம்பப் பெரிய மனசு என்று நினைத்துவிட்டாள், பாவம். குற்றத்துக்கு என் பேர் வேண்டாம், நன்றிக்கு மட்டும் வேண்டும் என்றால் யார் தருவார்கள்?

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்கு நின்றேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்கிற என் பேர் வாயில் வரவில்லை. உன் பேர் வந்தது; பின்னாலேயே உன் சித்திரை நட்சத்திரமும் வந்தது. போனவர்கள் பேரில் அர்ச்சனை செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். திருத்துவதற்குள் ஐயர் உள்ளே போய், மணியடித்து, உன் பேரைக் கணீரென்று சொல்லிவிட்டார்.

பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை என் வாயில் எந்தப் பேர் வரும் என்று எனக்கே தெரியவில்லை. உன் பேரைக் கேட்டதும் அம்மன் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒரு நாளும் மலர்ந்ததில்லையடி.